இறங்கிக்கொண்டே இருந்த பெடல்

"அங்கிள், சிக்னல்ல கிளட்ச்ச அமுக்கிட்டு நிக்கும்போது வண்டி தானா முன்னால போகப் பாக்குது" என்று அந்தத் தம்பி முதல்முறை சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்த வியாபாரச் சந்தையில் ஏற்றிய காய்கறிப் பெட்டிகளைத் தேக்காவில் இறக்கி முடித்திருந்த காலை ஏழு மணி அது. மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து விடிவதற்கு வெகுநேரம் முன்பே கடற்பாலத்தைக் கடந்து வந்து எங்களிடம் வேன் ஓட்டுநராக வேலை பார்த்தவர் அவர். சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பா பெட்டிகளை எண்ணிக்கொண்டே, "முப்பத்தஞ்சு வருசமா வண்டி ஓட்டுறேன் தம்பி. எனக்கு நகராத வண்டி ஒனக்கு மட்டும் ஏன் நகருது? கால முழுசா அமுக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். அந்தத் தம்பி மேலும் இரண்டு முறை அதையே வெவ்வேறு சொற்களில் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார். இரண்டாவது மாத முடிவில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மேனுவல் கியர் ஓட்டக்கூடிய ஆள் கிடைப்பதே இப்போது கடினம். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும் செல்லுபடியாகும் 3ஏ உரிமத்தோடு நின்றுவிடும் இளையர்களே அதிகம். அப்படி ஒருவர் கிடைத்தும் அவரைப் போகவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக உறுத்தியது, அவர் மூன்று முறை சொன்ன அந்த ஒரே வாக்கியம்தான்.

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அந்த வாக்கியம் எனக்கே நிகழ்ந்தது. சிராங்கூன் சாலையில் மாலைநேரக் கூட்டம். விளக்கலங்காரத்தைப் பார்க்க வந்தவர்கள் நடைபாதை கொள்ளாமல் சாலையோரம்வரை நின்றிருந்தார்கள். சிவப்பு விளக்கில் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை அமுக்கியபடி காத்திருந்தேன். சிறிது நேரத்தில் பிரேக்கை மீறி வண்டி முன்னால் உந்துவதைக் கால் உணர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பிரேக்கை இன்னும் பலமாக மிதித்தேன். என்ஜின் திணறி நின்றுவிட்டது. அது நின்றது நல்லதாயிற்று. அன்றிரவு கடைக்குப் பின்னால் வண்டியைத் திருப்பும்போது ரிவர்ஸ் கியர் கறகறவென்று அரைத்துவிட்டு வெளியே வந்து விழுந்தது. என்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் அதே கியர் சத்தமில்லாமல் உள்ளே போனது.

எங்கள் வேன் 2012ஆம் ஆண்டு பதிவானது. பத்து ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போகிறது. அங்கே பிரேக்கை உருளைகளின்மேல் ஏற்றி எண்ணாக அளக்கிறார்கள், புகையை அளக்கிறார்கள். கிளட்ச் எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கருவி எதையும் நான் அங்கே கண்டதில்லை. அதை ஓட்டுநரின் காலிடம் விட்டுவிட்டோம். அந்தக் கால் யாருடையது என்பதில்தான் எங்கள் வீட்டுக் கதை முழுவதும் இருக்கிறது.

நழுவுவது வேறு, விலகாதது வேறு

முதலில் போன பட்டறையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிளேட் முடிஞ்சுபோச்சு, கிளட்ச் செட்டே மாத்தணும்" என்றார்கள். கியர்பாக்ஸை இறக்கிச் செய்யும் வேலை. ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கிளட்ச் சரியில்லை என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தால் பிளேட்டைச் சந்தேகிப்பது பழகிப்போன வழி. ஆனால் எனக்கு அது பொருந்தவில்லை. என்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது அந்த பிளேட்; பெடலை அமுக்கினால் அது விலகிக்கொள்ளும். தேய்ந்த பிளேட் நழுவும்: மேட்டில் உயர் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ஜினின் சுழற்சி மட்டும் ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. எங்கள் வண்டி முழுச் சுமையோடு ஏறும்போதும் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. அதன் குறை நேர்மாறானது. பிடிக்க வேண்டிய நேரத்தில் நன்றாகப் பிடித்தது. விட வேண்டிய நேரத்தில் முழுவதும் விடவில்லை. என்ஜின் ஓடும்போது அரைக்கும் கியர், அணைத்ததும் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால், பிளேட்டை விலக்கும் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விலக்கும் வேலையைச் செய்வது எண்ணெய். பெடலுக்கு மேலே ஒரு சிறு சிலிண்டர், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இன்னொன்று. இங்கே பட்டறைகளில் மேல் பம்ப், கீழ்ப் பம்ப் என்பார்கள். இரண்டையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னதை நம்பித்தான் இடது கால் ஒவ்வொரு முறையும் கீழே போகிறது. ஆனால் கீழ்ப் பம்பின் தண்டு நகரும் தூரம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்தாலே பிளேட் முழுவதும் விலகாது. எங்கேயாவது காற்றுக்குமிழ் இருந்தால், கால் கொடுக்கும் தள்ளல் அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்.

இந்த எண்ணெயைப் பற்றி யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை தரும் செய்தி. பிரேக் ஆயிலை மாற்றுபவர்கள்கூடக் கிளட்ச்சின் குழாயைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். இரண்டிலும் ஊற்றுவது ஒரே வகைத் திரவம்தான், டாட் 3 அல்லது டாட் 4. கிளைக்கால் (glycol) என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட இவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது, 3.7 விழுக்காடு நீர் கலந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஈரம் சொட்டும் நம் ஊர்க் காற்றில் இதைச் சிறிய விஷயமாக நினைக்க முடியாது. பாதி மீந்த புட்டியை மூடி வைத்து அடுத்த ஆண்டு பயன்படுத்துவதை நான் அதனால்தான் விட்டுவிட்டேன். கிளட்ச் எண்ணெய் பிரேக் எண்ணெய்போல் கொதிநிலையை நெருங்குவது அரிது. ஆனால் அதில் ஊறிய ஈரம் சிலிண்டரின் உள்சுவரை அரிக்கும். எண்ணெயைத் தள்ளும் ரப்பர் கப், அரித்த சுவரில் ஓடி ஓடித் தேயும். தேய்ந்த ரப்பர் எண்ணெயைக் கறுப்பாக்கும். அதோடு இந்தக் குழாய் ஒரு முட்டுச்சந்து. எண்ணெய் அதில் சுற்றி வருவதில்லை. சில மில்லிலிட்டர் முன்னும் பின்னும் அசைகிறது, அவ்வளவுதான். கீழ்ப் பம்பில் கிடக்கும் எண்ணெய், யாரேனும் திறந்துவிடும்வரை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

மாமா வீட்டு முற்றத்தில்

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் எண்ணெய் சிந்தக்கூடிய வேலையைச் செய்வது முறையில்லை. ஜாலான் காயு பக்கம் மாமாவுக்குத் தரைவீடு இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அங்கே சாப்பிடப் போவது வழக்கம். காக்கி புக்கிட்டில் அரை லிட்டர் டாட் 4 புட்டி ஒன்று வாங்கினேன். எண்ணெய்த் தொட்டியின் மூடியில் டாட் 3 என்று பொறித்திருந்தது. அதன் இடத்தில் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே இனம். டாட் 5 மட்டும் கூடாது, அது சிலிக்கோன். கனிம எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் இந்த ரப்பர் ஊதிப்போகும். மீன்தொட்டிக் கடையில் ஒரு முழம் தெளிவான குழாய், வீட்டிலிருந்து பழைய ஜாம் புட்டி, பத்து மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர், கையுறை. வேனின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின்மேல் இறக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போவதை யார் செய்தாலும் நான் தடுப்பேன்.

கீழ்ப் பம்பின் நிப்பிள், அதாவது காற்றை வெளியே விடத் திறக்கும் சிறு திருகு, துருப்பிடித்திருந்தது. அவசரப்பட்டால் ஒடிந்துவிடும் என்பதால் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, சாப்பிட்டு வரும்வரை ஊறவிட்டேன். காற்று எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கீழே படுத்திருப்பவர் "அமுக்குங்க" என்பார். மேலே இருப்பவர் பெடலை மெதுவாகக் கடைசிவரை அமுக்கி அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். நிப்பிளைத் திறந்தால் எண்ணெயும் காற்றும் புட்டிக்குள் வரும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் "விடுங்க" என்று சொல்ல வேண்டும். முன்னதாகவே கால் எழுந்துவிட்டால், வெளியே போக வேண்டிய காற்று உள்ளே இழுக்கப்படும். தொட்டியில் எண்ணெய் அடிமட்டத்துக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

முதலில் வந்த எண்ணெய், நாள்பட்ட காப்பிக் கசடுபோல் இருந்தது. நான்கைந்து முறையில் நிறம் வெளுக்கத் தொடங்கியது. ஆனால் குமிழ்கள் நிற்கவில்லை. வரும், குறையும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது பெரிதாக ஒன்று வரும். முக்கால் மணி நேரம் போன பிறகு வெளியே தலையை நீட்டி அப்பாவின் காலைப் பார்த்தேன். நான் அமுக்கச் சொன்னதும் அந்தக் கால் விசுக்கென்று கீழே போய், பாதி எழுந்து, மறுபடியும் கீழே போனது. இரண்டு அடி. நிப்பிள் திறந்திருக்கும் நேரத்தில் இரண்டாவது அடிக்காகக் கால் எழும்போதெல்லாம் நான் காற்றை எடுப்பதற்குப் பதிலாக ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஒரு தடவதான். அமுக்கிட்டு அப்படியே பிடிங்க."

"ஒரு தடவதான அமுக்குனேன்" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. தன் கால் இரண்டு முறை போவது அவருக்குத் தெரியவே இல்லை. அடுத்த முறை கவனமாக இருக்க முயன்றார். கால் மறுபடியும் அதையே செய்தது. அறுபத்தொன்பது வயதில், காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்திருப்பவரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போது அம்மா தேநீர் கொண்டுவந்தார். "நீங்க எறங்குங்க, நான் உக்கார்றேன்" என்று சொல்லி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

அம்மா வாழ்நாளில் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. எது கிளட்ச், எது பிரேக் என்று நான்தான் காட்டினேன். அமுக்கச் சொன்னால் மெதுவாக அமுக்கினார், ஊசியில் நூல் கோக்கும் நிதானத்தோடு. "ஆச்சு" என்பார், நான் திறப்பேன், இறுக்குவேன், விடச் சொன்ன பிறகுதான் விட்டார். ஏழாவது முறையிலேயே குழாயில் குமிழ் இல்லை. எண்ணெய் வெளிறிய தேன் நிறத்தில் வந்தது. இன்னும் மூன்று முறை செய்துவிட்டு, நிப்பிளை இறுக்கி, வேலை முடிந்தது என்ற நிம்மதியோடு, "அம்மா, அப்படியே அமுக்கிப் பிடிச்சிருங்க, எங்கயாவது கசியுதான்னு பாக்குறேன்" என்றேன்.

எங்கும் கசியவில்லை. கீழ்ப் பம்பின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. குழாயின் இணைப்புகளும் காய்ந்திருந்தன. நான் டார்ச்சை அணைக்கப் போகும்போது மேலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, நீ இறுக்கியாச்சுன்னு சொன்ன. ஆனா என் காலு இன்னும் கீழதான் போவுது."

நான் வெளியே வந்து பார்த்தேன். அம்மா அழுத்தத்தைக் கூட்டவில்லை. கொடுத்த அழுத்தத்தை மாற்றாமல் வைத்திருந்தார். பெடல் மிக மெதுவாக, கண்ணை எடுக்காமல் பார்த்தால் மட்டுமே தெரியும்படி இறங்கிக்கொண்டிருந்தது. நான் இருபது எண்ணுவதற்குள் இரண்டு விரல் அகலம் போய்விட்டது. பெடலுக்குக் கீழே விரித்த பாயைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. தொட்டியில் பென்சிலால் போட்ட கோட்டிலேயே எண்ணெய் நின்றது. வெளியே ஒரு சொட்டும் போகவில்லை என்றால், அது உள்ளுக்குள்ளேயே தப்பித்துப் போகிறது என்றுதான் பொருள். மேல் பம்பினுள் இருக்கும் ரப்பர் கப்பின் உதடு தேய்ந்து, அழுத்தப்பட்ட எண்ணெய் அதைத் தாண்டித் தொட்டியின் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. மறுபடியும் செய்து பார்க்கச் சொன்னேன். மூன்று முறையும் அதே கதை.

பிறகு அப்பாவை ஏறச் சொன்னேன். விசுக்கென்று இரண்டு அடி. பெடல் கல்லைப்போல் நின்றது.

அந்த நேரத்தில்தான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. அந்தக் கப்பின் உதடு வேகமாக அழுத்தும்போது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மெதுவாக அழுத்தினால், அல்லது அழுத்தி அப்படியே வைத்திருந்தால், தேய்ந்த இடத்தின் வழியாக எண்ணெய் நழுவும். அப்பாவின் உதை அந்தக் குறையை ஒவ்வொரு முறையும் அடைத்துவிட்டது. இரண்டாவது அடி, இன்னும் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டியிலிருந்து இழுத்துக் குழாயில் சேர்த்தது. மேலும், அப்பா சிவப்பு விளக்கில் ஒருபோதும் கிளட்ச்சை அமுக்கியபடி நிற்கமாட்டார். நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, பச்சை விழுந்ததும் இரண்டு உதை உதைத்துக் கியர் போடுவார். அவர் சொன்னதில் பொய்யில்லை, அவருக்கு வண்டி நகரவே இல்லை. ஜொகூர்த் தம்பி பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி பெடலை மென்மையாக அமுக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். குறை அவருக்குத்தான் தன்னைக் காட்டியது. நாங்கள் அதை அவருடைய குறை என்றோம்.

அப்பா இறங்கி முற்றத்துத் திண்டில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, எண்பதுகளில் தான் ஓட்டிய கம்பெனி லாரியைப் பற்றிச் சொன்னார். அதன் பம்ப் கசிந்துகொண்டே இருந்ததாம். கேட்டுக்கேட்டுச் சலித்த பிறகு, இருக்கைக்குக் கீழே ஒரு புட்டி எண்ணெய் வைத்துக்கொண்டு, காலையில் ஊற்றி, நாள் முழுவதும் உதைத்து உதைத்து ஓட்டினாராம். "அப்பறம் எந்த வண்டியில ஏறுனாலும் காலு அப்படித்தான் போகும்" என்றார். அதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. நான் அதுவரை அதை அப்பாவின் தேர்ச்சி என்று நினைத்திருந்தேன். சிறு வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது அந்த இரட்டை அடியின் தாளத்தை ரசித்திருக்கிறேன். ஒரு முதலாளி செய்ய மறுத்த பழுதை ஒரு தொழிலாளியின் கால் முப்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது என்று அது எனக்குத் தோன்றவே இல்லை. அதே இடத்தில் இப்போது நாங்கள் முதலாளிகளாக இருந்திருக்கிறோம் என்பதும் அன்றுதான் தோன்றியது.

காக்கி புக்கிட்டில்

மேல் பம்பை நானே மாற்றுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வண்டியில் அது டாஷ்போர்டுக்குப் பின்னால் கை நுழையாத இடத்தில் இருக்கிறது. பெடலோடு அதை இணைக்கும் தண்டின் நீளத்தைச் சரியாக அமைக்காவிட்டால், கால் எடுத்த பிறகும் கப் முழுவதும் பின்னால் வராது, எண்ணெய் திரும்பும் துளை அடைபட்டே இருக்கும், பிறகு உண்மையிலேயே பிளேட் நழுவித் தீய்ந்துபோகும். காற்று எடுப்பதும் எண்ணெய் மாற்றுவதும் வீட்டில் செய்யத்தக்க வேலை, அதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் தினமும் மக்கள் நடுவே ஓடும் வண்டியில் இதைப் பழகிப் பார்க்க எனக்கு உரிமையில்லை. எனவே வேறொரு பட்டறைக்குப் போனேன். கிளட்ச் சரியில்லை என்று சொல்லாமல், அம்மா சொன்னதையே சொன்னேன்: மெதுவாக அமுக்கிப் பிடித்தால் இறங்குகிறது, எங்கும் கசியவில்லை, காற்று இல்லை. அந்தப் பெரியவர் ஏறி உட்கார்ந்து, மெதுவாக அமுக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மேல் பம்ப்" என்றார். இரண்டு பம்பையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். கியர்பாக்ஸை யாரும் இறக்கவில்லை. பிளேட் இன்றுவரை அதேதான். ஜாம் புட்டியில் இருந்த கறுப்பு எண்ணெயையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். மாமா வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாயில் ஊற்றினால் அது கடைசியில் ஏதோ ஒரு நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும்; இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி.

இப்போது பெடல் ஒரே அழுத்தில் நிற்கிறது. அப்பா இன்னும் இரண்டு முறைதான் உதைக்கிறார். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, அம்மாவை இருக்கையில் உட்காரவைத்து, மெதுவாக அமுக்கி அறுபதுவரை எண்ணச் சொல்கிறேன்.

ஜொகூர்த் தம்பியின் எண் என் கைப்பேசியில் இருந்தது. பம்ப் மாற்றிய அன்றிரவு அவருக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன்: அவர் சொன்னது சரி, வண்டியில்தான் குறை இருந்தது, நாங்கள் கேட்காமல் போனோம், அப்பாவின் சார்பிலும் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. அவர் இப்போது துவாஸில் லாரி ஓட்டுகிறார். மறுநாள் விடியற்காலை மூன்றரை மணிக்குப் பதில் வந்திருந்தது. "பரவால்ல அண்ணே. மேல் பம்ப்பா, கீழ்ப் பம்ப்பா?"